மூன்று அறையும் முப்பது நாளும்

ஊர்காவற்றுறை
8.4.2024

தங்கச்சி யூலியானாவுக்கு,

சுகமோ எண்டு கேக்க எனக்கு மனமில்லை. உன்ரை மச்சாள் றோஸ் பக்கத்திலை நிண்டு கேளுங்கோ எண்டு நச்சரிக்கிறா, அதாலை கேக்கிறன். சுகமோ?

பெரிய வியாழன் அண்டு போனிலை என்ரை கணக்கைக் கேட்டுப்போட்டு நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் என்ரை காதுக்குள்ளை கிடக்கு. இந்த வீட்டு அலுவல் முடியுமட்டும் உன்னோடை போனிலை கதைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். எழுத்திலை தாறன், எழுத்திலை பதில் தா. கடிதத்துக்கை நீ சிரிச்சால் எனக்குக் கேளாது.

நெஞ்சைத் திறந்து மூடின டொக்டர் இனிக் கடல் பக்கம் போகப்படாது எண்டு சொன்னது உனக்குத் தெரியும். ரெண்டு வள்ளமும் எஞ்சினும் வலையும் வித்த நாற்பத்திரண்டு லட்சம் வங்கியிலை கிடக்கு, நான் வீட்டிலை கிடக்கிறன். அந்தக் காசைத்தான் இனி நானும் றோசும் சாகுமட்டும் சாப்பிடவேணும். ரெண்டு பேருக்கும் மாசம் முப்பதாயிரம் இருந்தால் போதும். அரிசி, மா, மருந்து, கரண்ட், கோயில் எல்லாம் அதுக்குள்ளை அடங்கும்.

இப்ப மண்கும்பானிலை கடற்கரையோடை ஒரு மாடி வீடு விலைப்படுது. சொந்தக்காரர் பிரான்சிலை. புரோக்கர் லவன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவன். விலை எண்பது லட்சம். மேலை மூண்டு அறை, மூண்டிலையும் ஏசி, ஜன்னலைத் திறந்தால் கடல். உல்லாசப் பயணியளுக்கு நாள் வாடகைக்கு விடப்போறன்.

கணக்கைத் திரும்ப எழுதிறன், ஆறுதலா வாசி. ஒரு அறை ஒரு நாளைக்கு ஆறாயிரம். மூண்டு அறை, முப்பது நாள். ஐஞ்சு லட்சத்து நாற்பதாயிரம். வங்கிக் கடன் தவணை அறுபத்திரண்டாயிரம், கரண்ட் பத்தாயிரம். இதைக் கழிச்சால் மாசாமாசம் நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கையிலை. முப்பதாயிரம் சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தை என்ன செய்யிறதெண்டு எனக்கு இப்பவே யோசனையாக் கிடக்கு.

உன்ரை நெடுந்தீவுக் காணியை ஈடா வைச்சு நீ ஒரு கையெழுத்துப் போட்டால் வங்கி கடன் தரும். கெதியாப் பதில் போடு. லவன் அவசரப்படுத்திறான்.

அண்ணை
அருளப்பு


நெடுந்தீவு
15.4.2024

அன்பான அண்ணைக்கு,

நாங்கள் சுகம். றோஸ் மச்சாளிட்டைச் சொல்லுங்கோ. நீங்கள் கேக்கேல்லை, அவதான் கேட்டவ எண்டு விளங்கிக்கொண்டன்.

நான் சிரிச்சது பிழைதான். ஆனால் அண்ணை, மூண்டு அறையும் முப்பது நாளும் நிறைஞ்சு கிடக்கிற விடுதி கொழும்பிலையும் இல்லை. மண்கும்பானுக்கு ஆர் வருகினம்? யாழ்ப்பாணத்திலை இருந்து சனி ஞாயிறிலை வான் பிடிச்சு வந்து, குளிச்சு, கொண்டுவந்த புரியாணிப் பார்சலைத் திண்டு, பெட்டியை அங்கையே எறிஞ்சுபோட்டுப் பொழுதுபட முதல் போயிடுவினம். அவைக்கு அறை தேவையில்லை, குப்பைத்தொட்டிதான் தேவை.

நான் ஒரு கணக்குப் போட்டனான். கோவிக்காமல் பாருங்கோ. விடுமுறை மாசத்தையும் மாரியையும் சேர்த்துச் சராசரியாப் பாத்தால் ஒரு அறைக்கு மாசம் எட்டு நாள் ஆள் வரும். மூண்டறைக்கும் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். ஆள் பிடிச்சுத் தாற இன்ரநெற்காரனுக்கு நூற்றுக்குப் பதினைஞ்சு குடுக்கவேணும், இருபத்தோராயிரத்து அறுநூறு. வங்கித் தவணை அறுபத்திரண்டு. கிணறு உப்பு, பவுசர் லொறியிலை வாற தண்ணிக்கு இருபதாயிரம். ஏசி மூண்டும் ஓடினால் கரண்ட் இருபத்தையாயிரம். கூட்டித் துடைச்சு, பெட்சீற் தோய்க்கிற ஆளுக்கு இருபத்தையாயிரம். கழிச்சுக்கொண்டு வாங்கோ. கடைசியிலை மாசம் ஒம்பதாயிரத்து அறுநூறு ரூவா உங்கடை பொக்கற்றிலை இருந்து போடவேணும். முப்பதாயிரம் சாப்பாட்டுக் காசு இன்னும் இதிலை தொடவே இல்லை.

பிடிக்காத மீனுக்கு விலை பேசாதையுங்கோ எண்டு மற்றவைக்குச் சொல்லுற ஆள் நீங்கள்தானே. இந்தக் கணக்குக்கு நான் கையெழுத்துப் போட ஏலாது.

உங்கடை தங்கச்சி
யூலியானா


ஊர்காவற்றுறை
29.4.2024

யூலியானா,

நீ முப்பது வருசம் கணக்கெழுதின கூட்டுறவுச் சங்கம் இப்ப எங்கை? பூட்டி ஆடு கட்டிக் கிடக்கு. அதையும் யோசிச்சுக்கொண்டு எனக்குக் கணக்குப் படிப்பி.

உன்ரை மனம் ஆறட்டும் எண்டு நானும் இறங்கி வாறன். முப்பது நாள் வேண்டாம், பதினைஞ்சு நாள் எண்டு வை. ரெண்டு லட்சத்து எழுபதாயிரம். இன்ரநெற்காரனுக்குச் சதமும் குடுக்கமாட்டன், நானே பஸ் தரிப்பிடத்திலை நிண்டு ஆள் பிடிப்பன். பெட்சீற் தோய்க்க ஆள் என்னத்துக்கு, றோஸ் இருக்கிறா. காவலுக்கு நான் இருக்கிறன். சம்பளம் எண்ட பேச்சே இல்லை. நீ சொன்ன தண்ணியையும் கரண்டையும் அப்பிடியே ஒத்துக்கொள்ளுறன். தவணையையும் கழிச்சால் ஒரு லட்சத்து அறுபத்து மூண்டாயிரம் மிச்சம். இது காணாதோ?

இன்னொண்டு. கோயில் திருநாளுக்கு வெளிநாட்டிலை இருந்து எவ்வளவு சனம் வருது எண்டு தெரியாதோ? கொடியேறினால் இறங்குமட்டும் மூண்டு அறையும் நிறையும். அந்த நாளிலை எண்ணாயிரம் எண்டும் கேக்கலாம்.

உனக்குக் காணியிலை கை வைக்கப் பயம். அதை நேரை சொல்லிப்போட்டு விடு. உப்பிடிச் சுத்தி வளைக்காதை.

அருளப்பு


நெடுந்தீவு
11.5.2024

அண்ணைக்கு,

சங்கத்தைப் பூட்டினது தலைவர்மார், நான் இல்லை. அது கிடக்கட்டும்.

காணியிலை எனக்குப் பயம் இருக்குத்தான். இதிலை கல்வேலியும் நாலு பனையும் தவிர ஒண்டுமில்லை, எண்டாலும் நான் படுத்தெழும்புற வீடு இதிலைதான் நிக்குது. ஆனால் அதைவிட, தவணை கட்ட ஏலாமல் நீங்கள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கப் போறியள் எண்டுதான் கூடப் பயம். சொல்லியாச்சு.

உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். நீங்கள் வள்ளம் விட்ட காலத்திலை மீன் வித்த காசை எப்பிடிப் பிரிச்சனீங்கள்? முதல் எண்ணெயும் ஐசும் கழிப்பியள். பிறகு வந்த ஆக்களுக்குப் பங்கு. அதோடை வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. மரமும் நூலும் சோறு தின்னுமோ எண்டு ஒருதரும் கேக்கேல்லை. அந்தப் பங்கு இருந்தபடியால்தான் எஞ்சின் பழுதானாலும் வட்டிக்கு ஓடாமல் திருத்தினனீங்கள். காத்து நாளையும் மாரி நாளையும் தள்ளிப்போட்டுத்தான் வருசத்தை எண்ணினனீங்கள். கடலிலை அவ்வளவு கவனமா இருந்த மனுசன் கரைக்கு ஏறின உடனை முப்பது நாளும் மீன் படும் எண்டு எழுதுறியள்.

இந்த வீட்டுக்கு உங்கடை கணக்கிலை ஒரு பங்கும் இல்லை. உப்புக்காத்து ஜன்னல் கம்பியைத் திண்டுபோடும், ஏசியைத் திண்டுபோடும், மோட்டரைத் திண்டுபோடும். ஆர் காசு போடுறது?

றோஸ் மச்சாள் தோய்ப்பா எண்டு எழுதியிருக்கிறியள். அவவிட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? திருநாளுக்கு வாறவை ஆர் ஆர் எண்டும் ஒருக்கா விரல் மடிச்சு எண்ணிப் பாருங்கோ. நான் சொல்லத் தேவையில்லை.

யூலியானா


ஊர்காவற்றுறை
24.6.2024

தங்கச்சிக்கு,

பிந்திப்போச்சு. திருநாள் அமளி. வீடு முழுக்கச் சனம்.

உன்ரை கடிதத்தை றோஸ் எடுத்து வாசிச்சுப்போட்டா. சோத்தைப் போட்டுத் தந்திட்டு, நான் ரெண்டு வாய் வைச்ச பிறகு கேட்டா, "வள்ளத்துக்கும் பங்கு வைச்சனீங்கள், வலைக்கும் பங்கு வைச்சனீங்கள். எனக்கு எந்தப் பங்கு?" நான் குனிஞ்சு மற்ற வாயை வைச்சன். எதிர்த்துக் கதைச்சால் பிறகு ஆர் சோறு போடுறது. அந்த இருபத்தையாயிரத்தை நீ எழுதின மாதிரியே திரும்பக் கணக்கிலை சேர்த்துக்கொள்.

ஜோர்ஜ் யேர்மனியிலை இருந்து மனுசி பிள்ளையளோடை வந்து எங்களோடைதான் நிண்டவன். பெரியண்ணையின்ரை மகன், வேற எங்கை நிக்கிறது? ஒரு நாளைக்கு மூண்டு தரம் குளிக்கிறாங்கள். கிணறு அடிதெரிஞ்சு, தண்ணி விலைக்கு எடுத்தனான். போகேக்கை ஒரு பை சொக்கிளேற்றும் ஒரு ரோச் லைற்றும் தந்தவன். நல்ல லைற்.

அவனுக்கு மண்கும்பான் வீட்டைப் பற்றிச் சொன்னனான். காசுக் கதையை மெல்லமா எடுப்பம் எண்டு நான் வாயைத் திறக்க முதல் அவன் என்னைக் கட்டிப்பிடிச்சு, நல்ல வேலை சித்தப்பா, இனி எங்களுக்கு ஊரிலை நிக்க ஒரு இடம் இருக்கு எண்டு சொல்லி, அங்கையே நிண்டு பாரிசுக்கும் லண்டனுக்கும் போன் அடிச்சான். வாற வருசத் திருநாளுக்கு ஏழு குடும்பம் வருது. மூண்டு கிழமை நிக்கினமாம். மூண்டு அறையும் நிறைஞ்சிட்டுது, யூலியானா. எவ்வளவு எண்டு ஒருதரும் கேக்கேல்லை. சொந்தச் சனத்திட்டை நானும் எந்த வாயாலை கேக்கிறது?

எல்லாம் கழிச்சுப் பாத்தன். மிச்சம் வருகுது எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனால் நான் இப்பிடிக் கதிரையிலை குந்திக்கொண்டு இருக்க ஏலாது. வங்கி வட்டியை எண்ணி எண்ணிச் சாகிறதுக்கோ நெஞ்சைத் தைச்சு விட்டவங்கள்? லவன் மாசம் முடிய முதல் அட்வான்ஸ் கேக்கிறான். கையெழுத்தைப் போட்டு விடு.

அண்ணை


நெடுந்தீவு
3.7.2024

அண்ணைக்கு,

கையெழுத்துப் போடமாட்டன். இது முடிவு.

நேற்று உங்கடை ஊர் வள்ளக்காரன் குருசுமுத்து இஞ்சை இறங்குதுறையிலை நிண்டவன். சுகம் விசாரிச்சனான். அருளப்பு அண்ணை முந்தி மாதிரித்தான், வலை இழுக்கேக்கை எங்களை விட உசார் எண்டு சந்தோசமாச் சொன்னான். அவனுக்கு ஒண்டும் தெரியாது, பாவம். ஒப்பரேசன் நெஞ்சிலை இல்லை, வயித்திலை எண்டு நீங்கள் சொல்லி வைச்சிருக்கிறியளாம்.

நான் வீட்டை வந்து இருந்து அழுதனான். பேந்து கோவம் வந்தது. இப்பவும் கோவத்தோடைதான் எழுதிறன். ஐயா அம்மா போயிட்டினம், பெரியண்ணையும் போயிட்டார். எனக்கெண்டு மிஞ்சினது நீங்கள் ஒராள். வீட்டுக் கணக்குச் சரிவரட்டும் எண்டு நான் இஞ்சை இருந்து கழிச்சுக் கூட்டிக்கொண்டிருக்க, நீங்கள் அங்கை குருசுமுத்துவின்ரை வள்ளத்திலை கூலிக்கு வலை இழுக்கிறியள். றோஸ் மச்சாளுக்குத் தெரியுமோ?

வீடு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. கடனில்லாத வீடாப் பாருங்கோ. நாற்பத்திரண்டுக்குள்ளை வாங்கக்கூடிய சின்ன வீடு, மாச வாடகைக்குப் போறது. முழுக்காசையும் வங்கியிலை விட்டால் இண்டைய வட்டிக்கு மாசம் இருபத்தெட்டாயிரம் வரும். வீடு அதுக்கு ஒரு ரூவா எண்டாலும் கூடத் தந்தால்தான் வீடு. தராட்டில் பேசாமல் வங்கியிலை கிடக்கட்டும்.

கடலுக்குப் போகாதையுங்கோ அண்ணை.

யூலியானா


ஊர்காவற்றுறை
2.9.2024

தங்கச்சிக்கு,

குருசுமுத்து கதை பெருப்பிக்கிறவன். நான் ரெண்டு மூண்டு தரம்தான் போனனான். வலை இழுக்கேல்லை. பிடிச்சுக்கொண்டு நிண்டனான், அது தானா வந்தது. றோசுக்கு இப்ப தெரியும். நான் கட்டியிருந்த சாரத்திலை மீன் மணக்குது எண்டு கண்டுபிடிச்சவ. ரெண்டு நாளா என்ரை உடுப்பை நான்தான் தோய்ச்சது.

மண்கும்பான் வீட்டைச் சுவிசிலை இருக்கிற ஒருத்தர் வாங்கிப்போட்டார். அவர் எத்தினை நாள் எண்டு கணக்குப் போட்டாரோ தெரியாது, ஆண்டவர் காப்பாத்தட்டும்.

நீ சொன்னபடி சின்ன வீடும் பாத்தன். நாரந்தனையிலை, றோட்டுக்கரை. ரீச்சர் ஒராள் மகளோடை இருக்கக் கனடாவுக்குப் போறா. முப்பது லட்சத்துக்குத் தாறன் எண்டு சொல்லுறா. நடுவிலை சுவர் வைச்சு ரெண்டு பகுதியாப் பிரிச்ச வீடு, ரெண்டுக்கும் தனித்தனிக் குசினி. பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வாறவை குடியிருக்கினம். ஒரு பகுதி பதினையாயிரம், ரெண்டுக்கும் முப்பது.

ஆனால் இது சரிவராது. நான் இந்த முறை ஒண்டையும் விடாமல் கணக்குப் போட்டிருக்கிறன். வருசத்திலை நாலு மாசம் வீடு வெறுமையாக் கிடக்கும் எண்டு வை, சராசரி இருபதாயிரம். குடியிருக்கிறவை வாடகை தராமல் ஓடினால் அதுக்கு நாலாயிரம். அவையிலை வழக்குப் போட்டுப் பிடிக்கிற அப்புக்காத்துக்கு மூவாயிரம். வருசா வருசம் புயலுக்கு ஓடு பறக்கும், ஐயாயிரம். கிணறு உப்பானால் பவுசருக்கு ஆறாயிரம். கறையானுக்கு ரெண்டாயிரம். கடல் ஏறி வீட்டுக்கை வந்தால் ரெண்டாயிரம். மொத்தம் இருபத்தீராயிரம். மாசம் ரெண்டாயிரம் நட்டம்.

ஆனபடியால் விடுவம். நீ கவலைப்படாதை, நான் ஏதோ பாத்துக்கொள்ளுவன்.

அண்ணை


நெடுந்தீவு
10.9.2024

அன்பான அண்ணைக்கு,

உங்கடை கணக்கை மூண்டு தரம் வாசிச்சனான். நாரந்தனையிலை அந்த ரீச்சரின்ரை வீட்டுக்கை கடல் வாறதெண்டால் அதுக்கு முதல் நெடுந்தீவு கடலுக்கை தாண்டுபோயிருக்கும். என்னை ஆர் தூக்கிறதெண்டும் ஒரு ரெண்டாயிரம் போட்டிருக்கலாம்.

ஓடினவனைப் பிடிக்க அப்புக்காத்துக்கும் காசு, ஓடினதுக்கும் காசு. பிடிச்ச பிறகு அவன் தாற வாடகை எங்கை? பள்ளிக்கூடம் நடக்கிற ஊரிலை நாலு மாசம் வீடு வெறுமையாக் கிடக்குமோ? புயல் உங்களிட்டை மாசச் சம்பளம் வாங்குதோ?

அண்ணை, எனக்கு விளங்குது. சித்திரையிலை கரையிலை ஒரு தொழில் வேணும் எண்டு ஆசைப்பட்டு வரவைக் கூட்டினனீங்கள். குருசுமுத்துவின்ரை வள்ளத்திலை ஏறின பிறகு கடலை விட மனமில்லை, செலவைக் கூட்டுறியள். உங்கடை மனம் எங்கை நிக்குதோ அங்கைதான் உங்கடை கணக்கும் போய் நிக்குது.

நான் போட்டதைப் பாருங்கோ. வருசத்திலை ஒரு மாசம் வெறுமையா விடுறன். அப்ப மாசம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. அதிலை ஐஞ்சிலை ஒண்டு வீட்டின்ரை பங்கு. ஓடோ கறையானோ புயலோ எது வந்தாலும் அந்த ஐயாயிரத்து ஐந்நூறுதான் பாக்கவேணும், நீங்கள் அதைத் தொடப்படாது. மிச்சம் இருபத்தீராயிரம். வீடு வாங்கி மிஞ்சிற பன்னிரண்டு லட்சம் வங்கியிலை எண்ணாயிரம் தரும். முப்பதாயிரம். நீங்கள் கேட்ட தொகை. வங்கியை விட ரெண்டாயிரம் கூட. வட்டி இறங்கும், வாடகை இறங்காது.

வீட்டை உங்கடை பேருக்கு மாத்தி உறுதி எழுதிற செலவு கணக்கிலை இல்லை. அது நான் தாறன். என்ரை கையெழுத்து ஒண்டுக்கும் தேவையில்லை, ஆனால் என்ரை காசு அதிலை இருக்கவேணும் எண்டு எனக்கு ஆசை.

வாங்குங்கோ அண்ணை. வாங்கிப்போட்டுக் கரையிலை இருங்கோ. நான் கேக்கிறது இது ஒண்டுதான்.

உங்கடை தங்கச்சி
யூலியானா


ஊர்காவற்றுறை
9.11.2024

அன்பான தங்கச்சிக்கு,

உறுதி எழுதி முடிஞ்சுது. உன்ரை காசு வந்து சேர்ந்தது. றோஸ் உனக்காக மெழுகுதிரி கொளுத்தினவ.

வீட்டிலை ஒரு பக்கம் நிலாந்தி எண்ட ரீச்சர் தாயோடை இருக்கிறா, மற்றப் பக்கம் கணக்குப் படிப்பிக்கிற ஒரு பெடியன். முதல் மாச வாடகையை ரெண்டு பேரும் சொன்ன நாளிலை தந்தவை. நான் வீட்டின்ரை பங்கை எடுத்து வேற வங்கிப் புத்தகத்திலை போட்டிட்டன். குருசுமுத்து வந்து கூப்பிட்டவன். இனி இல்லை எண்டு சொல்லி, நெஞ்சைத் திறந்து தையலைக் காட்டினன். அவன் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதிட்டான். நான்தான் தேத்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பினது.

இப்ப கணக்கிலை ஒரு பிழை. உன்னிலையும் பிழை, என்னிலையும் பிழை.

முந்தநாள் றோஸ் பையைத் தந்து சந்தைக்குப் போகச் சொன்னவ. உந்தச் சந்தையிலை நான் நாற்பது வருசம் மீன் கொண்டுபோய்ப் போட்டவன். வாங்கிறவை நிக்கிற பக்கத்திலை ஒரு நாளும் நிண்டதில்லை. எங்கை நிக்கிறதெண்டே தெரியேல்லை. விளைமீன் கிலோ ஆயிரத்து அறுநூறாம். இதென்ன பகல் கொள்ளை எண்டு சத்தம் போட்டன். மீன் விக்கிற அன்னபூரணம் சிரிச்சுக்கொண்டு, நீங்கள் விக்கேக்கை இதைவிடக் கூட வாங்கினனீங்கள் அண்ணை எண்டாள். அது மெய்தான். பேசாமல் ஒரு கிலோ வாங்கினன். என்ரை சீவியத்திலை காசு குடுத்து வாங்கின முதல் மீன் அதுதான், யூலியானா.

வீட்டை வந்து கதிரையிலை இருந்து யோசிச்சன். அரிசி போட்டம், மா போட்டம், மருந்து போட்டம், நான் கடலைக்கூட வீட்டுக்கை விட்டன். ஆனால் மீனை ரெண்டு பேரும் போடேல்லை. எங்கடை வீட்டிலை மீன் எண்டது ஒரு நாளும் செலவாயிருக்கேல்லை, வள்ளம் வித்த பிறகும் குருசுமுத்துவின்ரை வள்ளத்திலை இருந்து வந்தது, ஆர் நினைச்சது? கிழமையிலை மூண்டு நாள், அரைக் கிலோப்படி எண்டு பாத்தாலே மாசம் பத்துப் பன்னிரண்டாயிரம் துண்டு விழுது.

பயப்பிடாதை. அதுக்காகக் கடலுக்குப் போகமாட்டன். கிழமையிலை ஒரு நாள் மீன், மற்ற நாள் முருங்கையிலையும் முட்டையும் எண்டு றோஸ் சொல்லிப்போட்டா. பாப்பம்.

அந்த மீனைக் குழம்பு வைச்சுத் தந்தவ. நல்லாத்தான் இருந்தது. ஒரு முள்ளிலையும் சதை விடேல்லை, காசு குடுத்த மீன்.

இனிமேல் எங்கடை கணக்குப் போடேக்கை மீனையும் போடு.

அண்ணை
அருளப்பு